காட்டு இறைச்சியின் சுவை



சுவை ஆறு என்று நம் முன்னோர் வகுத்தனர். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்னும் இந்த ஆறனுள் இறைச்சியின் சுவை எது? எண்ணிப் பார்த்தால் விடை எளிதில் கிடைப்பதில்லை. உப்பு நாம் இடுவது. புளி நாம் கரைப்பது. காரம் நாம் அரைப்பது. இவற்றையெல்லாம் நீக்கிய பின்னும் இறைச்சிக்கென்று ஒரு சுவை எஞ்சி நிற்கிறது. 1908-ஆம் ஆண்டில் இக்கேடா என்னும் ஜப்பானிய வேதியியல் அறிஞர் கடற்பாசிச் சாற்றில் இத்தகைய சுவையை ஆராய்ந்து, அதற்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். இறைச்சியின் சாற்றில் நாம் உணர்வதும் பெரும்பாலும் அதுவே.

ஆனால் இந்தச் சுவை எல்லா இறைச்சிக்கும் பொது. மானுக்கும் உண்டு, பன்றிக்கும் உண்டு, கோழிக்கும் உண்டு. அப்படியிருக்க, ஒன்றை உண்டவுடன் இது மான், இது பன்றி, இது முயல் என்று நா எவ்வாறு அறிகிறது? காட்டு விலங்கின் இறைச்சிக்கும் வீட்டு விலங்கின் இறைச்சிக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

புலால் உண்ணாத நேயர்கள் வானொலிப் பெட்டியை மூடிவிட வேண்டாம். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த நாடு இது. அந்த அறத்தின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. நான் பேசப் போவதோ சமையலைப் பற்றி மட்டும் அன்று. ஒரு விலங்கு வாழ்ந்த வாழ்க்கை அதன் தசையில் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைப் பற்றி.

கால்நடை மருத்துவம் பயின்று, இறைச்சி இயலை மாணவர்க்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணியின் பொருட்டுச் சில வெளிநாடுகளுக்குச் சென்றபோது, சட்டம் அனுமதிக்கும் இடங்களில், பலவகை வேட்டை இறைச்சிகளை உண்டு பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த அனுபவத்தையும் நூலறிவையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் மானை எடுத்துக்கொள்வோம். மான் என்பது ஒரு சொல், சுவையோ பல. ஸ்காட்லாந்து மலைகளில் மேயும் செம்மான் உருவில் பெரியது. அதன் இறைச்சி அடர்ந்த செந்நிறமும் அழுத்தமான மணமும் உடையது. அதே நாட்டில் வாழும் ரோ என்னும் சிறுமான் தளிரையும் கொழுந்தையும் தேர்ந்தெடுத்துக் கடிப்பது. அதன் இறைச்சி நுண்ணிய நாரும் மென்மையும் கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்து உண்டபோது, ஒன்று முற்றிய குரல் போலவும் மற்றது இளங்குரல் போலவும் எனக்குத் தோன்றியது. சுவீடனில் உண்ட பனிமான் இறைச்சியில் மெல்லிய இனிப்புத் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் கிடைக்கும் ஸ்பிரிங்பாக் என்னும் சிறு இரலையின் இறைச்சி இளவெள்ளாட்டை நினைவூட்டும். ஆனால் வெள்ளாட்டின் வீச்சம் அதில் இல்லை. முறுக்கிய கொம்புடைய பெரிய குடு மானின் இறைச்சியோ மாட்டிறைச்சிக்கு நெருங்கியது. கொழுப்பு மட்டும் மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் கங்காரு, மானுக்கும் மாட்டுக்கும் இடைப்பட்ட சுவையுடையது. சற்றே கூடுதலாக வெந்தாலும் அது வறண்டு நார்நாராகிவிடும்.

இந்த வேறுபாடுகளுக்குக் காரணங்கள் நான்கு. இரை, உழைப்பு, பருவம், சாவு.

இரை முதற்காரணம். ஓர் உயிரினத்தின் தனி மணம் பெரும்பாலும் அதன் கொழுப்பிலே தங்குகிறது. பன்றியின் வயிறு ஒற்றை அறை கொண்டது. அது தின்னும் உணவின் கொழுப்பு ஏறத்தாழ அப்படியே அதன் உடற்கொழுப்பில் வந்து சேரும். ஓக் மரத்தின் கொட்டைகளைத் தின்று கொழுத்த காட்டுப்பன்றியின் இறைச்சியில் கொட்டைப் பருப்பின் மணம் வீசுவது இதனால்தான். மானோ அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் உணவுக் கொழுப்பை மாற்றி இறுகச் செய்கின்றன. ஆகவே மானின் கொழுப்பு கொஞ்சம் ஆறினாலும் உறைந்து, மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மானிறைச்சியைச் சுடச்சுட உண்ண வேண்டும் என்று பல நாட்டுச் சமையற்காரர்களும் சொல்வதன் உட்பொருள் இதுவே.

பறவைகளில் இரையின் ஆட்சி இன்னும் தெளிவாகத் தெரியும். பனிக்காலத்தில் ஊசியிலை மரங்களின் இலையைத் தின்று வாழும் ஐரோப்பியக் காட்டுக்கோழியான கேப்பர்கெயில்லியின் இறைச்சியில் பிசின் மணம் அடிக்கும். மீனும் சிப்பியும் தின்னும் கடல்வாத்துகளில் மீன் கவுச்சி இருக்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கான்வாஸ்பேக் என்னும் வாத்து ஒன்று உண்டு. நீருக்கடியில் வளரும் ஒருவகை வேலம்பாசியின் கிழங்கையும் குருத்தையும் அது விரும்பித் தின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு விருந்துகளில் தலைசிறந்ததாகப் போற்றப்பட்டது அந்த வாத்தே. அறிவியலார் சூட்டிய பெயரிலும் அந்தப் பாசியின் பெயரே இடம்பெற்றிருக்கிறது. அதே வாத்து வேறு இரை தின்னும் இடத்தில் இந்தப் புகழைப் பெறவில்லை. புகழ் வாத்துக்கு உரியதா, பாசிக்கு உரியதா என்று கேட்டால் என்ன விடை சொல்வது?

இரண்டாவது காரணம் உழைப்பு. தசைக்குச் செந்நிறம் தருவது மயோகுளோபின் என்னும் புரதம். நெடுநேரம் உழைக்கும் தசைக்கு உயிர்வளி மிகுதியாக வேண்டும்; அதைச் சேமித்து வைப்பது இந்தப் புரதமே. நிலத்தில் நடந்து திரிந்து, ஆபத்து வந்தால் மட்டும் படபடவென்று எழுந்து சிறிது தூரம் பறக்கும் பறவை கௌதாரி. இதற்கு நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் கால்கறி கருஞ்சிவப்பாகவும் இருக்கும். நாள் முழுதும் சிறகடிக்கும் காட்டுப்புறாவுக்கோ நெஞ்சே கருஞ்சிவப்பு. ஈரலை ஒத்த அழுத்தமான சுவை. முயலிலும் இந்த வேறுபாடு உண்டு. நாம் கூண்டில் வளர்ப்பது ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. ஆபத்துக் கண்டால் வளைக்குள் பாய்வது அதன் இயல்பு, நெடுந்தூரம் ஓடாது. அதன் இறைச்சி வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். நம் காட்டுமுயலின் இனமோ வளை தோண்டாதது. ஓடித்தான் உயிர் பிழைப்பது. ஐரோப்பாவில் இவ்வினத்து முயலை உண்டிருக்கிறேன். கரிய நிறமும், இரும்பும் குருதியும் கலந்தாற்போன்ற கடுஞ்சுவையும் உடையது அது. இரண்டுக்கும் முயல் என்றே பெயர். இலையில் இட்டாலோ இரண்டும் வேறு உலகம்.

மூன்றாவது பருவம். பொலிகிடாவுக்கும் விதையடித்த கிடாவுக்கும் உள்ள வேறுபாட்டை நம் சிற்றூர் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிணையோடு சேரும் காலத்து ஆண்மானிலும், முதிர்ந்த ஆண்பன்றியிலும் அந்த வீச்சமே இன்னும் கடுமையாக இருக்கும். ஆண்பன்றியின் நாற்றத்துக்கு முதன்மையான காரணங்கள் ஆண்ட்ரோஸ்டெனோன், ஸ்கேடோல் என்னும் இரண்டு பொருள்கள். இதில் ஒரு வியப்பு உண்டு. ஆண்ட்ரோஸ்டெனோனை முகர்ந்தறியும் ஆற்றல் எல்லா மனிதருக்கும் இல்லை. பிறப்பிலேயே பலருக்கு அந்த மணம் தெரிவதில்லை. ஒரே பந்தியில் அமர்ந்த இருவரில் ஒருவர் முகம் சுளிப்பார். மற்றவர் இன்னொரு துண்டு கேட்பார். இருவரும் உண்மையே பேசுகின்றனர். சுவையைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஒரு நா போதாது.

நான்காவது சாவு. சொல்வதற்குச் சற்றுக் கடுமையானது; ஆயினும் சொல்லியாக வேண்டும். உயிருள்ள தசையில் கிளைகோஜன் என்னும் மாச்சத்து இருக்கிறது. உயிர் பிரிந்தபின் அது புளிப்பாக மாறி, இறைச்சியைப் பக்குவப்படுத்துகிறது. நெடுநேரம் துரத்தப்பட்டு, களைத்து, அஞ்சி நடுங்கி இறந்த விலங்கில் அந்தச் சத்து முன்னமே தீர்ந்திருக்கும். அதன் இறைச்சி கறுத்து, விறைத்து, சுவை குன்றியிருக்கும்; விரைவில் கெட்டும் போகும். மேய்ந்துகொண்டிருந்தபடியே, அச்சம் அறியாமல் ஒரே குண்டில் வீழ்ந்த மானும், நாய்களால் மலை மலையாக விரட்டப்பட்ட மானும் உண்பவனுக்கு ஒன்றல்ல. விலங்கு பட்ட துன்பத்தை உண்பவன் நாவும் உணர்கிறது. அறநூல் சொன்னதை வேதியியலும் ஒருவாறு சொல்கிறது என்று நான் கருதுவதுண்டு.

இறந்தபின் செய்யும் பக்குவமும் இதில் அடங்கும். குளிர்நாட்டார் வேட்டை இறைச்சியை நாட்கணக்கில் தொங்கவிட்டு இளக வைப்பர். பிரான்சு நாட்டு உணவறிஞர் பிரியா-சவாரென் 1825-இல் வெளியிட்ட சுவையியல் நூலில், ஃபெசன்ட் என்னும் வண்ணக்கோழி அழுகத் தொடங்கும் நிலையிலேதான் முழுச்சுவை பெறுகிறது என்னும் கருத்தைச் சொல்லியிருக்கிறார். நம் வெயிலில் அம்முறை பலிக்காது. வெப்பநாட்டார் கண்ட வழி உப்பிட்டு உலர்த்துவது. தென்னாப்பிரிக்காவில் மானிறைச்சியை உப்பு, புளிங்காடி, மிளகு, கொத்தமல்லி விதை சேர்த்து உலர்த்தி, பில்டாங் என்று உண்கின்றனர். அதை முதன்முதல் வாயிலிட்டபோது கொத்தமல்லியின் மணம் எழுந்தது. நம் ஊர் உப்புக்கண்டத்தின் உறவினரைக் கடல்கடந்து கண்டதுபோல் இருந்தது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். வேட்டை உணவைச் சங்கப் புலவர்கள் நுணுகிக் கண்டு பாடியிருக்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டுப் பெண்கள் புல்லரிசிச் சோற்றுடன் உலர்ந்த ஊனைத் தேக்கிலையில் இட்டுத் தருகின்றனர். நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியலும் அந்நூலில் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் புளி சேர்த்த சோற்றுடன் ஆமான் என்னும் காட்டுப்பசுவின் சூட்டிறைச்சி வருகிறது. எனக்கு எல்லாவற்றிலும் வியப்பளிப்பது மலைபடுகடாம் காட்டும் குறிஞ்சி நிலத்து விருந்தே. கடமானின் தசை, முள்ளம்பன்றியின் பசிய நிணம், நாய் கடித்துக் கொணர்ந்த ஊன் ஆகிய மூன்றையும் கலந்து, பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் சேர்த்து, மூங்கிலரிசிச் சோற்றோடு படைக்கின்றனர்.

இறைச்சி இயல் பயின்றவன் கண்ணுக்கு இது ஆழ்ந்த அறிவின் அடையாளம். மானிறைச்சி பொதுவாகக் கொழுப்புக் குறைந்தது; தனியே சமைத்தால் வறண்டுவிடும். கொழுப்பு மிகுந்த முள்ளம்பன்றியின் நிணத்தை அதனோடு கலக்கின்றனர். ஐரோப்பியச் சமையற்காரர் மானிறைச்சியில் பன்றிக் கொழுப்பைச் செருகிச் சமைப்பதும் இதே காரணத்தால்தான். அவர்கள் கொடிமுந்திரித் தேறலிலும் புளிப்புப் பழக்கூழிலும் தேடுவதை, நம் குறவர் புளியிலும் மோரிலும் கண்டனர். புளிப்பு வீச்சத்தைத் தணிக்கும். நாவில் படியும் கொழுப்பைக் கழுவும். ஈராயிரம் ஆண்டுக்கு ஒட்டிய பழமையுடைய பாட்டில் இத்தகைய சமையல் நுட்பம் இருப்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

நேயர்களே, இவ்வளவு சொன்னபின் உங்களில் சிலருக்கு ஓர் ஆவல் எழக்கூடும். நம் காட்டிலே கடமான் இருக்கிறதே, முயல் இருக்கிறதே, உண்டு பார்த்தால் என்ன? இந்த ஆவலுக்கு விடை சொல்லாமல் என் பேச்சை முடிக்க இயலாது.

அமெரிக்காவில் ஒருகாலத்தில் பயணிப் புறா என்னும் பறவை கோடிக்கணக்கில் வாழ்ந்தது. வானத்தை மறைத்துக்கொண்டு பறந்தது. ஏழையும் செல்வரும் அதன் இறைச்சியை உண்டனர். குஞ்சின் இறைச்சியை மிகவும் விரும்பினர். புகைவண்டியில் பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்கு அனுப்பினர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் அந்த இனத்தின் கடைசிப் பறவை இறந்தது. ஒரு தலைமுறையினர் அன்றாடம் அறிந்திருந்த சுவையை இன்று உலகில் அறிந்தவர் ஒருவரும் இல்லை. நம் நாட்டுக் கானமயிலும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. முன்னாளில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் வாழ்ந்த பறவை அது. விளையாட்டுக்கும் விருந்துக்குமாக அதைச் சுட்டு வீழ்த்தினர், புல்வெளிகளும் அருகின. இன்று எஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு என்பது மதிப்பீடு. அவற்றிலும் பெரும்பாலானவை இராசத்தானத்தில் உள்ளன.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிலையை எண்ணியே வந்தது. மான், உடும்பு, காட்டுமுயல் போன்றவற்றை வேட்டையாடுவது மட்டுமன்று, அவற்றின் இறைச்சியை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். உடும்புக்கறி உடலுக்கு வலிமை தரும், வௌவால்கறி இரைப்பு நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் சொல்லி மறைவில் விற்போர் இன்றும் உளர். இவற்றுக்கு மருத்துவச் சான்று ஏதும் இல்லை. மாறாக, காட்டுப்பன்றியின் தசையில் டிரிக்கினெல்லா என்னும் புழு இருக்கக்கூடும். ஜப்பானில் மானிறைச்சியைப் பச்சையாக உண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி நோய் தொற்றியதை அந்நாட்டு மருத்துவர்கள் 2003-இல் எழுதியிருக்கின்றனர். விற்பது உண்மையில் மான்தானா என்பதும் ஐயமே. அதை அறிய ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் போன்ற ஆய்வுக்கூடங்கள் டி.என்.ஏ. சோதனை செய்ய வேண்டியிருக்கிறது. மிளகாயும் மசாலையும் மூடியபின் நா எதைக் கண்டுபிடிக்கும்?

ஆயினும், ஏக்கத்தைக் குற்றம் என்று சொல்லி நான் நிறுத்தமாட்டேன். காட்டு இறைச்சியை விரும்புகிறவன் உண்மையில் எதை விரும்புகிறான்? பலவகைப் பச்சிலை தின்ற உடலை விரும்புகிறான். ஓடியாடிய தசையை விரும்புகிறான். அவசரமின்றி வளர்ந்த உயிரை விரும்புகிறான். இவற்றைப் பெறக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கருவேலங்காயும் வேப்பிலையும் அகத்தியும் கடித்து, பகலெல்லாம் நடந்து மேய்ந்த வெள்ளாட்டின் கறிக்கும், பரணில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த ஆட்டின் கறிக்கும் உள்ள வேறுபாட்டை நம் மக்கள் நன்கு அறிவர். கரையானும் தானியமும் கொத்தித் திரிந்த நாட்டுக்கோழி ஏன் அதிக விலைக்குப் போகிறது? நான் முன்னே சொன்ன இரையும் உழைப்பும் பருவமும் அதன் தசையில் இருப்பதால்தான். நான்காவதும் நம் கையில் இருக்கிறது. இரவெல்லாம் லாரியில் நெருக்கியடித்துக் கொண்டுவந்த ஆட்டுக்கு ஓய்வும் தண்ணீரும் கொடுத்து, அச்சம் தணிந்தபின் அறுப்பது கருணை மட்டுமன்று, நல்ல இறைச்சிக்கும் அதுவே வழி.

ஆனால் அந்த வெள்ளாடு எங்கே மேயும்? ஊர்தோறும் இருந்த மேய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்பில் சுருங்கி வருகிறது. மேய்ச்சல் நிலம் போனால் ஆடு பரணுக்கு ஏறும்; மேய்ச்சற்காரன் வேறு வேலைக்குப் போவான்; அந்தச் சுவையும் பயணிப் புறாவின் சுவைபோலக் கதையாகிவிடும். சட்டத்தால் காட்டைக் காக்க முனைந்த நாம், ஊரோரத்துப் புல்வெளியைக் காக்க இன்னும் முனையவில்லை.

மானின் சுவை என்பது மலையின் சுவை. வாத்தின் சுவை என்பது நீர்ப்பாசியின் சுவை. ஆட்டின் சுவை என்பது ஊரோரத்துக் கருவேலின் சுவை. நாவின்மீது வந்து நிற்பது ஒரு துண்டு இறைச்சியாயினும், அதன் பின்னே நிற்பது ஒரு நிலம். நிலம் இருக்கும்வரை சுவை இருக்கும். கடமானை அதன் மலைக்கே விட்டுவைப்போம். நம் ஆட்டுக்கு அதன் மேய்ச்சலைத் திருப்பித் தருவோம்.